இத்தாக்கா போன்ற சிறு தீவில் ஏன் இத்தனை அரசர்கள்? ‘பசிலெயுஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் தோற்றமும் பொருளும்

தெற்குவாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சில வாரங்களாக ஹோமரின் ஒடிசியை மொழிபெயர்ப்பில் வாசித்து வருகிறேன். முதல் காண்டத்திலேயே ஓரிடம் என்னை நிறுத்திவிட்டது. தன் தாயை மணக்க வந்து வீட்டில் தங்கியிருக்கும் இளைஞர்களிடம், இத்தாக்காவின் தலைவன் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் பேசும்போது, கடல் சூழ்ந்த இத்தாக்காவில் இளையவரும் முதியவருமாக வேறு பல அரசர்கள் இருக்கிறார்கள் என்றும், ஒடிசியஸ் இறந்துவிட்டபடியால் அவர்களில் எவரேனும் அந்தப் பதவியை ஏற்றுக்கொள்ளட்டும் என்றும் சொல்கிறான். ஆடு மேய்ப்பதற்கே ஏற்ற ஒரு பாறைத் தீவில் பல அரசர்கள் எப்படி இருக்க முடியும்? எட்டாம் காண்டத்திலும் இதே சிக்கல் வருகிறது. ஃபயாக்கியர் நாட்டில் பன்னிரண்டு அரசர்கள் ஆள்வதாகவும், தான் பதின்மூன்றாமவன் என்றும் அல்கினூஸ் கூறுகிறான்.

அடிக்குறிப்பைப் பார்த்தபோது, இந்த இடங்களில் எல்லாம் மூலத்தில் இருப்பது ‘பசிலெயுஸ்’ என்ற ஒரே சொல்தான் என்று தெரிந்தது. பாரசீகப் பேரரசரையும் கிரேக்கர் அதே சொல்லால்தான் குறித்தார்கள் என்றும், ஏதென்ஸ் குடியரசில் ஓராண்டுக்கு மட்டும் பதவி வகித்த ஓர் அலுவலருக்கும் அதுவே பெயர் என்றும் வேறோரிடத்தில் படித்தேன். பேரரசர், ஊர்ப் பெரியவர், ஓராண்டு அலுவலர் என மூவரையும் ஒரு சொல் எப்படித் தாங்குகிறது? அதன் முதற்பொருள் என்ன? ஹோமரில் அடிக்கடி வரும் ‘அனக்ஸ்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விளக்கமாகச் சொல்லக்கூடியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

களிமண்பலகை

உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. ‘அரசன்’ என்ற பொருள் இச்சொல்லுக்கு உடன்பிறந்ததன்று. நெடுங்காலம் கழித்து, அதைவிடப் பெரிய சொல்லொன்று விட்டுச்சென்ற இடத்தில் வந்து அமர்ந்தது.

ஹோமருக்கு நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன், பைலோஸ், மைசீனே, தீப்ஸ், கிரீட் தீவின் நாசஸ் ஆகிய இடங்களில் இருந்த அரண்மனைகள் தங்கள் கணக்குகளைக் களிமண் பலகைகளில் எழுதி வைத்தன. அந்த எழுத்துமுறையை ‘லீனியர் பி’ என்று அழைக்கிறோம். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்துக் காட்டிய பிறகுதான், அது எழுதிய மொழி கிரேக்கமே என்பது தெரியவந்தது. பலகைகள் சுடப்படாத வெறும் களிமண். ஏறத்தாழ கி.மு. 1180 அளவில் பைலோஸ் அரண்மனை எரிந்தபோது அந்தத் தீயே அவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டதால், அழிவின் ஆண்டுக்குரிய கணக்குகள் நம் கைக்கு வந்து சேர்ந்தன.

அந்தக் கணக்குகளில் தலைமையிடத்தில் இருப்பவர் ‘வ-ன-க’, அதாவது ‘வனக்ஸ்’. ஹோமரில் நீங்கள் காணும் ‘அனக்ஸ்’ என்பதன் பழைய வடிவம் இது. பைலோஸின் நிலக்கணக்கு ஒன்றில் வனக்ஸுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் 30 அளவு கோதுமை விதைக்குரியது. அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ‘லாவகெட்டாஸ்’ என்பவருடைய நிலம் 10 அளவுக்குரியது. ‘வனக்ஸின் குயவர்’, ‘வனக்ஸின் துணி வெளுப்பவர்’ என்று தனி அடைமொழியோடு கைவினைஞர்கள் குறிக்கப்படுகிறார்கள். அதிகாரிகளை அமர்த்துபவரும் அவரே. அரசர் என்று நாம் சொல்லத் தகுந்தவர் அவர்தான்.

‘பசிலெயுஸ்’ அப்போது எங்கே இருந்தது? அதே பலகைகளில் ‘க்வ-சி-ரெ-உ’ என்ற வடிவில் வெண்கலக் கொல்லர்களுக்கு உலோகம் பகிர்ந்தளித்த பட்டியல்களில் இருக்கிறது. எந்தக் கொல்லருக்கு எவ்வளவு வெண்கலம் என்று வரிசையாக எழுதும் எழுத்தர், நடுவே இன்னார் ‘க்வசிலெயுஸ்’ என்றும் குறித்துச் செல்கிறார். (ல, ர இரண்டையும் அந்த எழுத்துமுறை ஒரே வரிசைக் குறிகளால் எழுதியதால், எழுத்தில் ‘ரெ’ என்று இருப்பதை ‘லெ’ என்று வாசிக்கிறோம்.) அவர் அரண்மனையில் இருப்பவரல்லர். வெளியூர்களில், ஒரே காலத்தில் பலர் அப்பட்டத்தோடு இருக்கிறார்கள். ஒரு கைவினைக் குழுவுக்கோ, ஒரு சிற்றூருக்கோ பொறுப்பாளர் என்று அவரைக் கொள்ளலாம்.

அரண்மனைகள் எரிந்தபின் எழுத்தரும் இல்லை, கணக்கும் இல்லை. அவற்றையெல்லாம் நடத்திய வனக்ஸும் இல்லை. ஆனால் கொல்லர் இருந்தார், ஊர் இருந்தது, ஊருக்குப் பொறுப்பானவரும் இருந்தார். மேலே இருந்தவர்கள் மறைந்ததும் அடுத்து நின்றவரே ஊரில் பெரியவரானார். அவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பெயரின் எடைதான் கூடியது. டெலிமாக்கஸ் குறிப்பிடும் ‘பல பசிலெயுஸ்கள்’ இந்த ஊர்ப் பெரியவர்களின் வழிவந்தவர்கள் என்று கொண்டால் உங்கள் முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

காப்பியநேயன்

மேலே சொன்ன விளக்கத்தோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பைலோஸின் உலோகப் பட்டியலிலிருந்து ஒடிசிக்கு ஒரே கோடாக இழுத்துவிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இடையிலுள்ள நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுத்தே இல்லை. அத்துடன், ஹோமரின் காப்பியம் பல தலைமுறைப் பாணர்களின் வாய்மொழியில் வளர்ந்தது. எனவே அதில் ஒரே ஊரின், ஒரே காலத்தின் ஆட்சிமுறையைத் தேடுவது பொருந்தாது. சொல் எப்படிப் பயன்படுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். அதுவே நிறையச் சொல்கிறது.

முதலில், கேள்வி கேட்டவர் சுட்டிய டெலிமாக்கஸின் பேச்சையே இன்னும் இரண்டு வரிகள் தொடர்ந்து வாசிக்க வேண்டும். ‘பசிலெயுஸ்’ பதவியை வேறு எவரேனும் வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்ன உடனேயே அவன், ‘எங்கள் வீட்டுக்கும், ஒடிசியஸ் எனக்கென வென்று தந்த அடிமைகளுக்கும் நானே அனக்ஸாக இருப்பேன்’ என்கிறான். இரண்டு சொற்களும் ஒரே மூச்சில் வருகின்றன. பசிலெயுஸ் என்பது ஊரார் நடுவே ஒருவனுக்குள்ள மதிப்பு. அதைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகலாம். அனக்ஸ் என்பது உடைமையாளன், எசமான். குப்பைமேட்டில் கிடக்கும் ஆர்கோஸ் என்ற கிழட்டு நாய் இருபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்த ஒடிசியஸை அடையாளம் கண்டும் அருகே போக முடியாமல் வாலை மட்டும் ஆட்டும் காட்சியில், அந்த நாய்க்கு ஒடிசியஸ் ‘அனக்ஸ்’தான். அந்த இடத்தில் பசிலெயுஸ் என்ற சொல்லைப் பாணன் பயன்படுத்தியிருக்கவே முடியாது. தெய்வங்களையும் ஹோமர் அனக்ஸ் என்றே அழைக்கிறார். பசிலெயுஸ் என்று அழைப்பதில்லை. சியூஸ் ‘தெய்வங்களின் பசிலெயுஸ்’ ஆவது ஹெசியட் என்ற மற்றொரு பழங்கவிஞரின் பாடலில்தான்.

இன்னொரு சான்று இலக்கணத்தில் இருக்கிறது. ஹோமரின் மற்றொரு காப்பியமான இலியடில் இந்தச் சொல்லுக்கு ஒப்பீட்டு வடிவங்கள் உண்டு. ஒன்பதாம் காண்டத்தில் கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னோன், தான் மாவீரன் அக்கிலீஸைவிட ‘கூடுதல் பசிலெயுஸ்’ என்று பெருமை பேசுகிறான். அதே காண்டத்தில் நெஸ்டர் அவனை ‘மிக மிகப் பசிலெயுஸ்’ ஆனவன் என்கிறார். அரியணையில் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய ஆட்சியில் ‘உன்னைவிட நான் கூடுதல் அரசன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. கூடவும் குறையவும் கூடிய ஒரு மதிப்புநிலை என்றால்தான் அந்த வடிவங்களுக்குப் பொருள் உண்டு.

பதினெட்டாம் காண்டத்தில் அக்கிலீஸின் கேடயத்தில் பொறித்த காட்சிகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. அறுவடை நடக்கிறது, ஆட்கள் கதிர் அரிகிறார்கள், பின்னால் மூவர் கட்டுக் கட்டுகிறார்கள், சிறுவர்கள் அரிந்த தாளைப் பொறுக்கித் தருகிறார்கள், நடுவே, வரப்பில் நின்று பார்க்கும் பண்ணைக்காரர் போல, கையில் கோலோடு மனம் மகிழ்ந்து பேசாமல் நிற்பவர் பசிலெயுஸ். இதை ‘மன்னர்’ என்று மொழிபெயர்த்தால் காட்சியே வேறாகிவிடும். பன்னிரண்டாம் காண்டத்தில் சார்ப்பெடோன் தன் தோழன் கிளௌக்கஸிடம் பேசும் பேச்சையும் சேர்த்து வாசியுங்கள். லிசியாவில் நமக்கு முதலிருக்கை, நல்ல இறைச்சி, நிறைந்த கோப்பை, ஆற்றங்கரையில் பெரிய நிலம் எல்லாம் ஏன் தருகிறார்கள்? நாம் போரில் முன்வரிசையில் நிற்கிறோம் என்பதற்காகத்தான் என்கிறான் அவன். பட்டமும் கடமையும் கொடுக்கல் வாங்கலாகவே பேசப்படுகின்றன.

ஆனால் எல்லா பசிலெயுஸ்களும் சார்ப்பெடோன் அல்லர். ஏறத்தாழ கி.மு. 700ஐ ஒட்டி போயோட்டியாவில் வாழ்ந்த ஹெசியட், தன் தம்பி பெர்செஸோடு பாகப்பிரிவினை வழக்கில் சிக்கியவர். அவர் பார்த்த பசிலெயுஸ்கள் ஊர்ச் சபையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் பணக்காரர்கள். அவர்களை அவர் ‘பரிசு விழுங்கிகள்’ என்கிறார், கோணல் தீர்ப்புச் சொல்பவர்கள் என்கிறார். அவர்களும் பன்மையில்தான் வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தமிழில் பெயர்க்க நேர்ந்தால் ஹோமருக்கும் ஹெசியடுக்கும் ‘ஊர்த்தலைவர்’, ‘பெருமக்கள்’ என்று இடம் பார்த்து எழுதலாம். ‘வேந்தர்’ என்பதை அகமெம்னோனுக்கு மட்டும் ஒதுக்கி வைப்பேன்.

சட்டநூல்மாணவி

ஏதென்ஸில் ஓராண்டு பதவி வகித்த அலுவலர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்ட வரலாறு படிக்கும் எனக்கு அவர் மிகவும் வேண்டியவர் என்பதால் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏதென்ஸில் ஆண்டுதோறும் ‘ஆர்கோன்’ எனப்பட்ட ஆட்சி அலுவலர் ஒன்பது பேர் பொறுப்பேற்றார்கள். அவர்களுள் ஒருவர் பசிலெயுஸ். கி.மு. 487 முதல் ஆர்கோன்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால், இந்த ‘அரசரை’ நியமித்தது பிறப்போ வாளோ அன்று, சீட்டுதான். அரசாட்சி போன பிறகும் அரசர் செய்துவந்த பலிகளை ‘அரசர்’ என்ற பெயருடையவரே செய்தால்தான் தெய்வம் ஏற்கும் என்ற அச்சமே இந்தப் பதவி நிலைத்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ரோமானியரும் தங்கள் அரசர்களைத் துரத்திவிட்டு, சடங்குகளுக்காக மட்டும் ‘பலிகளின் அரசர்’ என்ற பூசாரிப் பதவியை வைத்துக்கொண்டார்கள்.

ஏதென்ஸ் பசிலெயுஸின் கடமைகளை அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசமைப்பு’ நூல் விளக்குகிறது. எலூசிஸ் மறைச்சடங்குகளும் லெனையா விழாவும் அவர் மேற்பார்வையில் நடந்தன. அவருடைய மனைவிக்கு ‘பசிலின்னா’ என்று பெயர். ஆந்தெஸ்தேரியா விழாவில் அவளை டையோனிசஸ் தெய்வத்துக்கு மணம் செய்து வைக்கும் சடங்கு ஒன்று உண்டு. கொலை வழக்குகளும் தெய்வ நிந்தனை வழக்குகளும் முதலில் அவரிடமே பதிவாயின. கொலை வழக்கைத் திறந்த வெளியில் விசாரித்தார்கள். விசாரணையின்போது அவர் தம் தலையிலுள்ள மாலையைக் கழற்றிவிட வேண்டும். கொன்றவர் யாரென்று தெரியாவிட்டாலும் வழக்கு நின்றுவிடாது. ஆளைக் கொன்ற விலங்கின் மீதும், மேலே விழுந்து உயிரைப் பறித்த கல், மரம் போன்ற உயிரற்ற பொருளின் மீதும் பசிலெயுஸும் பழங்குடிப் பிரிவுகளின் பசிலெயுஸ்களும் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். இரத்தப் பழி ஊரைத் தீட்டாக்கும். அந்தத் தீட்டைக் களைவது அரசருடைய பழைய வேலை என்பதே இதன் அடிப்படை.

கி.மு. 399இல் சாக்ரட்டீஸ் மீது மெலிட்டஸ் தொடுத்த தெய்வ நிந்தனை வழக்கு இந்த அலுவலரிடம்தான் வந்தது. பிளேட்டோவின் ‘யூத்திஃப்ரோ’ உரையாடல் பசிலெயுஸின் மண்டபத்தருகே தொடங்குவது அதனால்தான். அந்த மண்டபத்தின் அடித்தளத்தை 1970இல் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவின் வடமேற்கு மூலையில் அகழ்ந்து கண்டார்கள். பெயரைக் கேட்டு அரண்மனையைக் கற்பனை செய்பவர்கள் அந்த அடித்தளத்தைக் கண்டால் ஏமாந்துபோவார்கள். அது சிறிய கட்டடம்.

ஸ்பார்ட்டாவில் நிலைமை வேறு. அங்கே பசிலெயுஸ்கள் உண்மையாகவே பரம்பரை அரசர்கள். ஆனால் எப்போதும் இருவர், அகியாட், யூரிபோன்டிட் என்ற இரண்டு குடும்பங்களிலிருந்து. போரில் படை நடத்துவதும் சில பூசாரிப் பதவிகளும் விருந்தில் இரட்டைப் பங்கும் அவர்களுக்குரியவை. ஒவ்வொரு மாதமும் அரசர்கள் சட்டப்படி ஆள்வதாகவும், ‘எஃபோர்’ என்ற அலுவலர்கள் நகரத்தின் சார்பில், அந்தச் சத்தியம் காக்கப்படும்வரை அரசாட்சியை அசைக்காமல் வைத்திருப்பதாகவும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டதைச் செனோஃபோன் பதிவு செய்திருக்கிறார். நிபந்தனை வாசகத்திலேயே இருக்கிறது.

தெற்குவாசகன்

மிக்க நன்றி. டெலிமாக்கஸின் அந்த இரண்டு வரிகளை இப்போது மீண்டும் படித்தேன். முன்பு கண்ணில் படாதது இப்போது தெளிவாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். இச்சொல்லின் வேர் என்ன? சமஸ்கிருதம் முதலிய இந்திய மொழிகளில் இதற்கு உறவுச் சொல் உண்டா? மேலும், கொடுங்கோலன் என்ற பொருளில் பின்னர் வழங்கிய ‘துரன்னோஸ்’ என்பது இதற்கு எதிர்ச்சொல்லாகவே தோன்றியதா?

களிமண்பலகை

வேரைப் பற்றி முதலில். ‘-எயுஸ்’ என்ற ஈறு கிரேக்கத்தில் தொழிலையும் பொறுப்பையும் காட்டுவது. குயவர் ‘கெரமெயுஸ்’, கொல்லர் ‘கல்கெயுஸ்’, பூசாரி ‘ஹியெரெயுஸ்’. மூன்றும் லீனியர் பி பலகைகளிலேயே உள்ளன. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் பசிலெயுஸும் முதலில் ஒரு வேலையின் பெயராகவே ஒலிக்கிறது. ஈற்றை நீக்கினால் மிஞ்சும் முதற்பகுதிக்கு இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் உறவுச் சொல் எதுவும் நிறுவப்படவில்லை. கிரேக்கர் வருவதற்கு முன் அந்நிலத்தில் பேசப்பட்ட மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் என்பதே இன்று பெரும்பாலான சொற்பிறப்பு அறிஞர்களின் நிலைப்பாடு. இடைக்காலக் கிரேக்க அகராதிகள் இதை ‘மக்களின் அடித்தளம்’ என்று பிரித்துக் காட்டுகின்றன. ‘பசிஸ்’ என்பது அடி, ‘லாவோஸ்’ என்பது மக்கள். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பலகையில் உள்ள வடிவத்தின் முன் அது நிற்காது.

காரணம் முதல் எழுத்து. மைசீனியக் கிரேக்கத்தில் இச்சொல் பகரத்தில் தொடங்கவில்லை. இதழ் குவித்து ஒலிக்கும் ககர ஒலியில் தொடங்கியது. அந்த ஒலி பிற்காலக் கிரேக்கத்தில் அகரத்துக்கும் ஒகரத்துக்கும் முன் பகரமாயிற்று. மாட்டுக்குரிய கிரேக்கச் சொல் ‘பூஸ்’ என்பதும், அதே பொருளுடைய சமஸ்கிருத ‘கோ’ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதற்கும் இந்த மாற்றமே அடிப்படை. ஆகவே பசிலெயுஸ் என்ற ஒலியை வைத்துக்கொண்டு ‘ப’, ‘வ’வில் தொடங்கும் இந்தியச் சொற்களோடு உறவு தேடுவது வீண். இணையத்தில் அப்படிப்பட்ட பட்டியல்கள் நிறைய உலவுகின்றன. அவற்றைத் தொகுப்பவர்கள் அந்தச் சொல்லின் மூவாயிரம் ஆண்டு பழைய வடிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

வனக்ஸின் முதல் ‘வ’வும் மறைந்த எழுத்துதான். ஆனால் ஹோமரின் யாப்பில் அதன் தடம் இருக்கிறது. இலியடின் ஏழாம் அடியில் ‘அனக்ஸ்’ என்பதற்கு முன்னால் நிற்கும் ‘தெ’ என்ற இடைச்சொல்லின் உயிர், விதிப்படி கெட வேண்டும்; கெடவில்லை. பலகைகளை எவரும் காண்பதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, இத்தகைய இடங்களைக் கொண்டு அங்கே ஒரு வகர மெய் இருந்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் ரிச்சர்ட் பென்ட்லி கணித்தார். ஃபிரிஜிய மொழியிலும் இச்சொல் வழங்கியது. துருக்கியிலுள்ள மைடாஸ் நினைவுப்பாறையில் மைடாஸுக்கு ‘லவக்தாஸ்’, ‘வனக்ஸ்’ என்ற இரு பட்டங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பைலோஸின் நிலக்கணக்கில் அடுத்தடுத்து நின்ற அதே இணை.

துரன்னோஸ் கிரேக்கர்கள் வெளியிலிருந்து வாங்கிய சொல். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் பாடிய ஆர்க்கிலோக்கஸ், லிடியாவின் அரசன் கைகீஸுடைய செல்வமும் தனக்கு வேண்டாம், பெரிய துரன்னிஸும் (துரன்னோஸின் ஆட்சியும்) வேண்டாம் என்று பாடும் இடமே இச்சொற்குடும்பம் நமக்குக் கிடைக்கும் முதல் இடம். தொடக்கத்தில் அதில் கொடுமைப் பொருள் இல்லை. பரம்பரை உரிமையின்றி ஆட்சியைக் கைப்பற்றியவர் என்பதுதான் பொருள். ஹெரோடோட்டஸ் சில இடங்களில் இரண்டு சொற்களையும் ஒரே ஆளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார். பொது நலம் நாடும் ஒருவராட்சி ‘பசிலெயியா’, தன் நலம் நாடும் ஒருவராட்சி ‘துரன்னிஸ்’ என்ற கறாரான பிரிவினை கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தத்துவவாதிகள் வகுத்தது. குறிப்பாக அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ அதை நிலைநிறுத்தியது.

பழங்காசு

நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இச்சொல் உலகம் சுற்றியது ஏதென்ஸாலோ ஸ்பார்ட்டாவாலோ அன்று. பாரசீகத்தின் பேரரசரைக் கிரேக்கர் வெறுமனே ‘பசிலெயுஸ்’ என்றே எழுதினார்கள். முன்னால் சுட்டுச்சொல்லும் கிடையாது, பின்னால் நாட்டின் பெயரும் கிடையாது. அந்தப் பெருமையெல்லாம் அலெக்சாண்டர் பாரசீகத்தை வென்றபோது அவருக்கு வந்து சேர்ந்தது. பிரியீனே நகரில் அத்தீனா கோயிலை அர்ப்பணித்த கல்வெட்டில் ‘பசிலெயுஸ் அலெக்சாண்டர்’ என்றே இருக்கிறது. அவருடைய வாரிசுகள் கொல்லப்பட்ட பிறகு, கி.மு. 306இல் சைப்ரஸின் சலாமிஸ் அருகே நடந்த கடற்போரில் டெமிட்ரியஸ், எகிப்தை ஆண்ட தாலமியை வென்றார். அந்த வெற்றியின்மேல் அவருடைய தந்தை அன்டிகோனஸ் தலையில் அரசப்பட்டை கட்டிக்கொண்டு, மகனுக்கும் ஒன்றை அனுப்பினார். தோற்ற தாலமியும், செலூக்கஸ் முதலிய மற்றவர்களும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தாங்களும் பசிலெயுஸ் என்று அறிவித்துக்கொண்டார்கள். பட்டத்தில் நாட்டின் பெயர் இல்லை என்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று: படை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் பசிலெயுஸ்.

அந்த வழியாகத்தான் இச்சொல் இந்தியாவுக்கு வந்தது. 1958இல் காந்தகாரில் கண்டெடுத்த அசோகரின் இருமொழிக் கல்வெட்டு, கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதப்பட்டது. அதன் கிரேக்கப் பகுதியில் பியதசி என்ற பட்டப்பெயருடைய அசோகர் ‘பசிலெயுஸ் பியோதஸ்ஸேஸ்’ ஆகிறார். பிற்பாடு இந்தோ-கிரேக்க அரசர்கள் ஒரே காசில் இரு மொழிகளிலும் பட்டம் பொறித்தார்கள். மெனாண்டரின் வெள்ளிக்காசை எடுத்துக்கொண்டால், முன்பக்கத்தில் தலையுருவைச் சுற்றிக் கிரேக்கத்தில் ‘காப்பவராகிய பசிலெயுஸ் மெனாண்டருடையது’ என்றும், பின்பக்கத்தில் கரோஷ்டி எழுத்தில் ‘மகாராஜச திரதரச மெனத்ரச’ என்றும் இருக்கும். பசிலெயுஸ் என்பதற்கு நேராக ‘மகாராஜா’ என்பதைத் தேர்ந்த அந்த அக்கசாலைக்காரர்களின் முடிவு எனக்கு எப்போதும் சுவையாகப் படுகிறது. ‘ராஜா’ மட்டும் போதாது என்று கருதியிருக்கிறார்கள். குஷானரான கனிஷ்கர் முதலில் ‘பசிலெயுஸ்களின் பசிலெயுஸ்’ என்று கிரேக்கத்தில் காசு அடித்து, சிறிது காலத்தில் அதைக் கைவிட்டு, அதே கிரேக்க எழுத்துகளிலேயே பாக்டிரிய மொழியில் ‘ஷாவோனனோ ஷாவோ’ என்று மாற்றிக்கொண்டார். பொருள் ஒன்றுதான், மொழிதான் மாறியது.

தமிழ் நிலத்துக்கும் இச்சொல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடல் பயண நூல்’ முசிறியைச் சேர அரசனான ‘கேரோபோத்திரஸின் பசிலெயியா’வைச் சேர்ந்தது என்றும், நெல்கிண்டாவைப் பாண்டியனுடைய ‘மற்றொரு பசிலெயியா’வுக்கு உரியது என்றும் எழுதுகிறது. அடுத்த நூற்றாண்டில் புவியியல் அறிஞர் தாலமி (மேலே சொன்ன அரசர் அல்லர்) தம் நூலில் மதுரையை ‘மொதூரா, பாண்டியோனின் பசிலெயியோன்’ என்று குறிக்கிறார். பசிலெயியோன் என்றால் அரசர் இருக்கும் ஊர். சேரரின் கரூராவுக்கும் இதே சொல்தான். கொல்லர் பட்டியலில் தொடங்கிய சொல், பாண்டியரின் தலைநகருக்கு அடைமொழியாகும் அளவுக்கு அப்போது உயர்ந்திருந்தது.

காப்பியநேயன்

பழங்காசு அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஒரு சிறு தொடர்ச்சி. ரோமானியர்கள் ‘அரசர்’ என்ற பெயரையே வெறுத்தவர்கள். அதனால் அகஸ்டஸும் அவருக்குப் பின்வந்தவர்களும் அதிகாரபூர்வமான கிரேக்கத்தில் ‘அவுட்டோகிரேட்டோர்’ என்றே எழுதப்பட்டார்கள். ஆனால் கிழக்கு மாகாணத்து மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பேச்சில் பேரரசரைப் பசிலெயுஸ் என்றே அழைத்தார்கள். யோவான் நற்செய்தியில், பிலாத்துவின் முன் நின்ற தலைமைக் குருக்கள் சீசரைத் தவிர வேறு அரசர் எங்களுக்கு இல்லை என்று சொல்லும் இடத்திலும் இச்சொல்தான் இருக்கிறது. அரசு ஆவணத்தில் இப்பட்டம் நுழைந்தது கிழக்கு ரோமப் (பைசாந்தியப்) பேரரசர் ஹெராக்லியஸ் பாரசீகரை வென்ற பிறகு, 629இல்தான். அதற்குமுன் உலகில் இருந்த ஒரே எதிர்ப் பசிலெயுஸ் பாரசீகப் பேரரசர்; அவர் தோற்றதும் இடம் ஒருவருக்கே உரியதாயிற்று.

அதற்குப்பின் கான்ஸ்டான்டினோபிளில் இச்சொல்லை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள் என்பதுதான் வியப்பு. மேற்கு நாட்டு அரசர்களுக்கு அவர்கள் லத்தீனிலிருந்து கடன் வாங்கிய ‘ரெக்ஸ்’ (அரசன்) என்ற சொல்லையே கொடுத்தார்கள். இத்தாலியை ஆண்ட தியோடெரிக் பசிலெயுஸ் என்ற பெயரைச் சூடத் துணியாமல் கடைசிவரை ‘ரெக்ஸ்’ என்றே இருந்தார் என்று புரொகோப்பியஸ் மெச்சுகிறார். 812இல் பைசாந்தியத் தூதர்கள் ஆகன் நகரில் சார்லமேனைப் பசிலெயுஸ் என்று வாழ்த்த நேர்ந்தது. அதன்பின் தங்கள் பேரரசருக்கு ‘ரோமானியரின் பசிலெயுஸ்’ என்று அடைமொழி சேர்த்து வேறுபடுத்திக்கொண்டார்கள்.

சட்டநூல்மாணவி

வேளாங்கண்ணி ஆலயத்துக்கு 1962இல் வழங்கப்பட்ட ‘பசிலிக்கா’ என்ற சிறப்பும் இச்சொல்லின் வழிவந்ததுதானே? அப்படியானால் ஏதென்ஸில் அந்த அலுவலர் அமர்ந்த மண்டபத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

காப்பியநேயன்

சொல் அளவில் உண்டு. ‘பசிலிகே’ என்றால் பசிலெயுஸுக்குரியது. ரோமில் அப்பெயரால் கட்டிய பெரும் தூண் மண்டபங்கள் நீதிமன்றமாகவும் வணிகர் கூடுமிடமாகவும் பயன்பட்டன, கி.மு. 184இல் கேட்டோ கட்டிய பசிலிக்கா போர்சியா அவற்றுள் நாம் பெயர் அறிந்தவற்றில் மிகப் பழையது. கிறித்தவர்கள் பெருங்கூட்டமாக வழிபடக் கட்டடம் தேடியபோது அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டார்கள். இன்று கத்தோலிக்கத் திருச்சபையில் அது கட்டட அமைப்பைக் குறிப்பதில்லை. போப்பாண்டவர் தரும் ஒரு தகுதி மட்டுமே. ஏதென்ஸ் மண்டபத்திலிருந்துதான் ரோமானியர் பெயரை எடுத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் காலத்தில் கண்ணெதிரே இருந்தவை அலெக்சாண்டருக்குப் பின்வந்த அரசர்களின் பெருமண்டபங்கள். அவற்றைப் பார்த்தே பெயரிட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

முன்பு எழுதியதில் விடுபட்ட ஒன்று: 968இல் ஜெர்மானியப் பேரரசர் ஒட்டோவின் தூதராகக் கான்ஸ்டான்டினோபிளுக்குச் சென்ற கிரெமோனா ஆயர் லியுட்பிரான்ட், பேரரசரின் தம்பி லியோவோடு முதல் சந்திப்பிலேயே வாக்குவாதத்தில் இறங்கினார். லியோ ஒட்டோவைப் பசிலெயுஸ் என்று சொல்லாமல் வேண்டுமென்றே ‘ரெக்ஸ்’ என்று சொன்னார் என்பதுதான் குற்றச்சாட்டு. இரண்டும் ஒரே பொருள்தானே, சொல்தானே வேறு என்று லியுட்பிரான்ட் சமாதானமாகப் பேசிப் பார்த்தார். லியோவோ, நீர் சமாதானத்துக்கு வரவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறீர் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.